கைப்பிடிக் குழி

நவம்பர் 4, திங்கள்

இந்த வருடத்து டைரியை இந்த வருடக் கடைசியில் கொடுக்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். டயர் கடைக்காரர் தீபாவளிப் பெட்டியோடு சேர்த்துத் தள்ளிவிட்டார். தூக்கிப் போடத்தான் இருந்தேன். இந்து ஊருக்குப் போகும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. “வாயத் தொறந்துதான் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. எழுதியாச்சும் வைங்க.” எழுதுகிறேன், போதுமா.

இந்து தாராபுரத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். உடம்பு தேறட்டும் என்று போனாள். மூன்று வாரம் ஆகிறது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் இவ்வளவு நாள் அங்கே தங்கியதில்லை.

இன்று பட்டறைக்கு வந்தது வாங்கி மூன்றே நாளான வெள்ளை வண்டி. கோயிலில் பூஜை போட்டவர் பானெட் முழுக்கச் சந்தனத்தை அப்பி வைத்திருக்கிறார். வெயிலில் காய்ந்து பெயின்ட்டுக்குள் இறங்கிவிட்டது. “சாமி கை வெச்ச மாதிரி இருக்கட்டும்னு விட்டேனுங்க” என்கிறார். சாமி கை வைத்ததை எடுக்க நானும் என்னிடம் வேலை செய்கிற அப்பாஸும் இரண்டு மணி நேரம் தேய்த்தோம்.

புது வண்டியின் பெயின்ட் மேல் கண்ணுக்குத் தெரியாத பிலிமை ஒட்டுவதுதான் என் வேலை. கல் தெறித்தாலும் கிளை உரசினாலும் பிலிம் வாங்கிக்கொள்ளும், அடியில் பெயின்ட் அப்படியே இருக்கும். ஒன்பது வருடமாகச் செய்கிறேன். கவுண்டம்பாளையத்தில் என்னைவிடச் சுத்தமாக ஒட்டுகிற ஆள் கிடையாது. இதை எழுதிக்கொள்ளலாம், என் டைரிதானே.

நவம்பர் 5, செவ்வாய்

ஏழு வருடப் பழைய வண்டிக்கு யாராவது பிலிம் ஒட்டுவார்களா? இன்று ஒருவர் வந்தார். பெயர் நாகேஸ்வரி, ஊர் வடவள்ளி. அறுபது வயது இருக்கும். கறுப்பு நிற வண்டி. இரண்டாவது கியரிலேயே ஓட்டிக்கொண்டு வந்திருப்பார் போல, வாசலில் நின்றபோது எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது.

“பழைய வண்டிக்குத் தேவையில்லைங்கம்மா, வாக்ஸ் போட்டுத் தர்றேன்” என்றேன்.

“இல்லீங்க தம்பி, பிலிமே போடுங்க. வீட்டுக்காரரு வண்டி. மார்ச் மாசம் தவறிட்டாரு. இனி இதுல ஒண்ணும் மாறக்கூடாதுங்க. இருக்கிற மாதிரியே இருக்கோணும்.”

“பத்து வருசத்துக்கு அப்படியே இருக்குமுங்க. நான் கியாரண்டி” என்றேன்.

வீட்டுக்காரர் சாமியப்பன் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருந்தாராம். அம்மா வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனார். போகும்போது ஓட்டுநர் கதவுப் பக்கம் போய் ஒரு நிமிடம் நின்றார். சாவியை மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

வழக்கம்போல வண்டியைச் சுற்றிலும் போட்டோ எடுத்தேன். வேலை ஆரம்பிக்கும் முன் எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால், பழைய கீறலையெல்லாம் நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

நவம்பர் 6, புதன்

வண்டியைக் கழுவி, அழுக்கை ஒட்டி எடுக்கிற கிளே கட்டியால் தடவி, பாலிஷ் மெஷினைப் போட்டோம். அழுக்கு என்றால் அப்படி ஓர் அழுக்கு. லேத் பட்டறையின் இரும்புத் தூள் பெயின்ட்டில் பொரிபொரியாக ஏறியிருந்தது. பிலிமுக்கு அடியில் எது மாட்டினாலும் அது பத்து வருடம் அங்கேயே இருந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். இதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

ஓட்டுநர் கதவில், கைப்பிடிக்குப் பின்னால் விரல் நுழைகிற குழி இருக்கிறதே, அதுதான் மோசம். மோதிரம் போட்ட கையால் ஏழு வருடம் திறந்திருக்கிறார் மனிதர். வளைவு வளைவாக ஐம்பது அறுபது கீறல். நடுவில் ஒன்று ஆழமாக, விரல் நீளத்துக்கு. மற்ற பட்டறைக்காரர்கள் இந்தக் குழியை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் யாரும் கேட்காமலே இதைச் செய்து கொடுப்பேன். சின்னப் பஞ்சு வட்டைப் போட்டேன். ஆழமான கீறலுக்கு மட்டும் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள், பிடித்தேன். மொத்தம் பத்து நிமிடம். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. வந்து எடுக்கும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் பின்னறை பளிச்சென்று இருக்கிறது. இந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வெள்ளையடித்து முடித்தது நல்லதாயிற்று. அவள் வந்தபின் அடித்திருந்தால் அந்த வாடை அவளுக்கு ஒத்துக்கொண்டிருக்காது.

நவம்பர் 7, வியாழன்

இன்று எழுதவே கூடாது என்றிருந்தேன், இருந்தாலும் எழுதுகிறேன்.

பானெட்டும் நான்கு கதவும் முடிந்தன. கைப்பிடிக் குழிகளுக்குச் சின்னத் துண்டுகளை வெட்டி ஒட்டினேன். நான்கு மணிக்கு நாகேஸ்வரி அம்மா போன் செய்தார்.

“தம்பி, கதவுக் குழிக்குள்ளாற பிலிம் போட்டாச்சுங்களா?”

“இப்பத்தானுங்க போட்டேன்.”

“அதுக்குள்ள அவரு மோதிரக் கீறல் இருக்குமுங்க, பாத்தீங்களா? அதுக்காகத்தான் வண்டியவே கொண்டாந்தேன். நான் ஓட்டறப்ப என் வளையல் பட்டு அது மறைஞ்சு போயிருமோன்னு பயமா இருந்துச்சுங்க. அன்னிக்கே சொல்லியிருக்கோணும். கீறலைக் காட்டிப் பேசுனா நீங்க சிரிப்பீங்கன்னு சும்மா இருந்துட்டேன். அது பத்திரமா இருக்குதுங்களா?”

இல்லை என்று சொல்வதற்கு ஒரு நொடிதான் வேண்டும். அந்த நொடியில் என் வாய் சொன்னது இதுதான்: “பத்திரமா இருக்குதுங்கம்மா.”

“நல்லா இருப்பீங்க தம்பி” என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 8, வெள்ளி

மழை. பிலிமின் ஓரம் ஒட்டவில்லை, நான்கு நாள் ஆகும் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். ஓரமெல்லாம் நேற்றே ஒட்டிவிட்டது.

நவம்பர் 9, சனி

போட்டோவை ஆயிரம் முறை பெரிதாக்கிப் பார்த்தேன். கதவு போட்டோவில் குழி தெளிவாகவே விழுந்திருக்கிறது. ஆழமான கீறல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரிகிறது. மற்றவை எல்லாம் மேலே நெருக்கமாக, கீழே அகலமாக விசிறி போல விரிகின்றன.

அப்பாஸ் பார்த்துவிட்டான். அவனுக்கு முப்பது வயது, என்னோடு ஐந்து வருடமாக இருக்கிறான். எதையும் மறைக்க முடியாது.

“அண்ணா, அந்தம்மா கேட்ட கீறல் இதுதானே? முந்தாநாள் ஸ்பீக்கர்ல போட்டு நீங்க பேசுனதைக் கேட்டேன்.”

“அதுக்கென்ன இப்போ?”

“சொல்லிருங்கண்ணா. தெரியாமச் செஞ்சதுதானே. ரெண்டு திட்டு திட்டுவாங்க, அழுவாங்க, அவ்வளவுதான். இழுத்துட்டே போனீங்கன்னா வேற மாதிரி ஆயிரும்.”

“உன் வேலையைப் பாரு” என்றேன். இதுவரை அவனிடம் அப்படிப் பேசியதில்லை. மத்தியானம் அவன் பாத்திரத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிட்டான்.

தெரியாமல் செய்ததுதான். நல்லதை நினைத்துத்தான் செய்தேன். நல்லதை நினைத்துச் செய்ததற்கெல்லாம் ஒருவன் போய்க் காலில் விழ முடியுமா?

நவம்பர் 10, ஞாயிறு

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். அப்பாஸுக்கு விடுமுறை.

முதலில் உக்கடம் பழைய இரும்புக் கடையிலிருந்து நேற்றே வாங்கி வந்த கதவில் பழகினேன். கறுப்புதான், வேறு வண்டி. என் கல்யாண மோதிரத்தைப் போட்டுக்கொண்டு குழிக்குள் விரலை விட்டு இழுத்தேன். ஒரு கீறலும் விழவில்லை. மெதுவாக இழுத்தால் விழாது, அவசரமாக இழுக்க வேண்டும். மனிதன் தினமும் அவசரத்தில்தான் கதவைத் திறக்கிறான். இது எனக்கு நூறாவது முறை இழுத்தபோதுதான் புரிந்தது.

பத்தரை மணிக்கு நாகேஸ்வரி அம்மா வண்டியின் குழியிலிருந்து பிலிமைப் பிய்த்தேன். பிறகு திறந்தேன், மூடினேன். எண்ணிக்கை எழுநூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். திறக்கும்போதெல்லாம் உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு கட்டத்தில் விரல் வீங்கி மோதிரம் இறுகிப்போய்விட்டது. நடுவில் கொஞ்சம் தோசை தின்றேன். மறுபடி திறந்தேன்.

ஆழமான கீறலை மட்டும் கையால் போட முடியாது. போட்டோவைப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலால் அளந்து, பிளேடின் முதுகால் ஒரே இழுப்பாக இழுத்தேன். இரண்டாவது இழுப்பு போட்டால் இரட்டைக் கோடாகிவிடும், அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சரியாக வந்துவிட்டது.

போட்டோவையும் குழியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் இவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலை செய்ததில்லை என்று தோன்றியது. தோன்றிய பிறகு என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

குழிக்குப் புதுத் துண்டு வெட்டி ஒட்டினேன். அப்பாஸ் வந்து பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். “அப்படியே இருக்குதுண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

இந்துவுக்குப் போன் செய்தேன். மாமியார் எடுத்து, இந்து தூங்குகிறாள் என்றார். காலை பதினொரு மணி.

நவம்பர் 13, புதன்

நாகேஸ்வரி அம்மா வந்தார். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஓட்டுநர் கதவுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். பிலிம் மேல் விரலை வைத்துத் தடவினார். நான் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே நின்றேன்.

“அப்படியே இருக்குதுங்க தம்பி.”

“ஆமாங்கம்மா.”

“இந்தப் பெரிசு இருக்குதுல்லீங்க? இது என்னால விழுந்தது.” சிரித்தார். இந்த அம்மா சிரிப்பார் என்றே நான் நினைத்ததில்லை. “முப்பத்தஞ்சு வருசத்துல ஒரே ஒரு தடவைதான் என்மேல கை ஓங்கிட்டாரு. நானும் பேசக்கூடாததைப் பேசிட்டேன்னு வெச்சுக்குங்களேன். ஓங்குன கையை அப்படியே திருப்பிட்டுப் போயி வண்டிக் கதவைப் புடிச்சு இழுத்தாரு பாருங்க, மோதிரமே வளைஞ்சு போச்சு. சாயங்காலம் வந்து ஒண்ணும் பேசல, ரெண்டு முழம் மல்லிப்பூ வாங்கிட்டு வந்திருந்தாரு. அன்னிக்குத்தான் தம்பி, இவரு என்னை என்னிக்கும் அடிக்கமாட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சது.”

அந்தக் கீறலையே தடவிக்கொண்டிருந்தார். பிளேடின் முதுகால் ஸ்கேல் வைத்து நான் இழுத்தது.

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். “ஒரு வாரம் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 14, வியாழன்

மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி பீரோவில் வைத்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. மோட்டார் ரிப்பேர். தண்ணீர் நாளைக்குத்தான் விடுவார்களாம், இருக்கிறதை வைத்து ஓட்ட வேண்டும். இரண்டு சிவப்பு வண்டி முடித்தோம், இரண்டிலும் தூசி இல்லை.

மாமியாருக்குப் போன் செய்தேன். இந்து போனுக்கு வந்தாள். நன்றாக இருக்கிறேன் என்றாள். மோட்டார் ரிப்பேரைச் சொன்னேன், சிலிண்டரைச் சொன்னேன். பின்னறை ஜன்னலுக்கு வலை அடிக்கட்டுமா என்று கேட்டேன். “தொட்டிலு எங்கீங்க?” என்று அவள் கேட்டாள்.

அப்பாஸின் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவளுக்குச் சித்திரையில் பிரசவம். வீணாகப் போகாமல் இருக்கட்டுமே என்றுதான். இந்து “சரிங்க” என்றாள். அவள் சரிங்க என்று சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அதை அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தால் மட்டும் நன்றாக இருந்திருக்குமா? எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. வெறுந்தொட்டிலைப் பார்த்துப் பார்த்து அழட்டும் என்று எந்தப் புருஷன் விடுவான்?

நவம்பர் 21, வியாழன்

ஒரு வாரம் கழித்து ஓரங்களைச் சரிபார்க்கிற வழக்கம் உண்டு. அப்பாஸை அனுப்பியிருக்கலாம். நானே வடவள்ளிக்குப் போனேன்.

பெரிய வீடு, ஓர் ஆள். போர்டிகோவில் வண்டி. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் காப்பி டம்ளர், நேற்றைய பேப்பர்.

“இங்கதானுங்க உக்காந்துக்கறது. உள்ள டிவி சத்தம் மட்டும்தான்” என்றார். “காலையில எந்திரிச்சதும் இதுல கையை வெச்சுட்டுத்தான் காப்பியே குடிக்கறது. அவரு கை பட்ட எடத்துல என் கை. நீங்க கோயில் மாதிரி பண்ணிக் குடுத்துட்டீங்க.”

எனக்கும் காப்பி கொடுத்தார். நிறையச் சர்க்கரை போட்டிருந்தார். முழுவதும் குடித்தேன். ஓரங்கள் நன்றாகவே இருந்தன.

நவம்பர் 25, திங்கள்

அவருடைய மகன் போன் செய்தார். பெயர் நவநீதன், புனேயில் வேலை.

“அண்ணா, நம்பர் அம்மா அனுப்புன பில்லுல இருந்துச்சு. அம்மாவுக்கு பிரஷர் ரொம்ப ஏறி எறங்குதுங்கண்ணா. எங்கூட வந்துருங்கன்னு எட்டு மாசமாக் கெஞ்சறேன். தீபாவளிக்கு நான் வந்தப்ப சரின்னு சொன்னாங்க. டிக்கெட்டே போட்டுட்டேன். இப்ப வண்டிய விட்டுட்டு வரமாட்டேங்கறாங்க. இங்க எங்க அபார்ட்மென்ட்டுல இன்னொரு வண்டி நிறுத்த எடமில்லை. வித்தரலாம்னா போனையே வெச்சறாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்கண்ணா. உங்களைப் பத்தி ரொம்பச் சொல்றாங்க.”

“நான் என்னங்க சொல்றது” என்றேன்.

“வண்டிய எடுத்துப் பத்திரமா நீங்களே வெச்சுக்கறதாவாச்சும் சொல்லுங்கண்ணா. தனியா இருக்காங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாப்பா?”

பேசிப் பார்க்கிறேன் என்றேன். பேசவில்லை.

நவம்பர் 27, புதன்

மழை. வேலை இல்லை. அப்பாஸோடு சேர்ந்து பட்டறைத் தரையைக் கழுவினேன்.

டிசம்பர் 2, திங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் நாகேஸ்வரி அம்மா போர்டிகோவில் மயங்கி விழுந்துவிட்டார். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்காரர் பார்த்துத்தான் தூக்கியிருக்கிறார். விடியவிடிய மழைச்சாரலில் கிடந்திருக்கிறார். நெற்றியில் நான்கு தையல். இடுப்பு எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்களாம். நவநீதன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து சொன்னார். இன்று சாயங்காலம் வீட்டுக்கு விட்டுவிடுவார்களாம்.

“இப்பவும் வரமாட்டேங்கறாங்கண்ணா. நான் போயிட்டா அவரு கைக்கு ஆரு இருக்கான்னு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல” என்றார். அழுதார்.

எனக்குப் புரிந்தது. நான் போட்ட கீறலுக்குக் காவலாக அந்த அம்மா அந்த வீட்டில் தனியாகக் கிடந்து சாகப் போகிறார்.

டிசம்பர் 3, செவ்வாய்

மத்தியானம் பட்டறைக்குப் பின்னால் போய் நின்று இந்துவுக்குப் போன் செய்தேன். இந்த முறை அவளே எடுத்தாள். மோட்டாரைப் பற்றிப் பேசவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், குழி, மெஷின், போன், மோதிரம், பிளேடு, மல்லிப்பூ. நடுவில் நிறுத்தாமல் இவ்வளவு நேரம் நான் அவளிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“அந்தம்மா உங்களைக் கேட்டாங்களா, கீறலை எடுங்கன்னு?”

“இல்ல. நல்லா இருக்குமேன்னுதான்...”

“அதான். நல்லா இருக்குமேன்னுதான் எல்லாமே செய்வீங்க.” கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். “பின்னறைச் செவுத்துல பென்சில்ல எழுதி வெச்சிருந்தேன். ஒவ்வொரு மாசமும் எவ்வளவு எடை, எப்ப மொதல்ல ஒதைச்சது, எந்தப் பக்கம் ஒதைச்சதுன்னு. எட்டு மாசத்துக்கு எழுதியிருந்தேன். அதைத் தவிர எங்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க. மொகத்தைக் கூட எனக்குக் காட்டல. வீட்டுக்கு வந்து பாத்தா வெள்ளையா இருக்குது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே அடிக்கச் சொல்லியிருப்பேனோ என்னமோ. கேக்கலையே நீங்க.”

எழுத்து இருந்தது எனக்குத் தெரியும். வெள்ளையடிப்பதற்கு முன் படித்தும் பார்த்தேன். படிக்க முடியாமல்தான் அவசரமாக அடித்தேன். இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன், அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

“அந்தம்மாகிட்டப் போயிச் சொல்லிருங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

டிசம்பர் 4, புதன்

காலை பத்து மணிக்கு வடவள்ளி போனேன். நவநீதன் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அம்மா நெற்றிக் கட்டோடு அதே பிளாஸ்டிக் நாற்காலியில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க தம்பி. வண்டிக்கு ஒண்ணும் ஆகலைங்க, நான்தான் விழுந்தேன்.”

உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“அம்மா, அந்தக் குழியில இருக்கறது உங்க வீட்டுக்காரரு கீறல் இல்லைங்க.”

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்துப் பாதி சிரித்தபடியே இருந்தார். மறுபடி சொன்னேன். வேலை ஆரம்பித்த அன்றைக்கே மெஷின் போட்டு அழித்துவிட்டேன், நீங்கள் போன் செய்தபோது பொய் சொன்னேன், போட்டோவைப் பார்த்து நானே போட்டேன், எல்லாம் சொன்னேன். ஆழமானதை எப்படிப் போட்டேன் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

“அப்ப நான் இத்தனை நாளா கையை வெச்சுட்டு இருந்தது...”

“என் மோதிரங்கம்மா.”

“கையைக் காட்டுங்க.”

காட்டினேன். மோதிரம் இல்லை, வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. அவர் அதையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உள்ளே போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. சோப்பு டப்பா கீழே விழுந்தது, எடுத்தார், மறுபடி தண்ணீர் ஓடியது.

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“போட்டோ இருக்குதுங்கம்மா. தெளிவா இருக்குது. பெரிசா பிரிண்ட் போட்டு...”

“வேண்டாமுங்க.”

“மன்னிச்சுருங்கம்மா.”

அவர் திரும்பி நின்றார். வண்டியைப் பார்த்தார். ஏதோ பக்கத்து வீட்டு வண்டியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். “நவநீதன் வந்தா வித்தரச் சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தக் கீறலை எடுத்துருங்க. வேற ஆம்பளை கை அதுல இருக்கவேண்டாம்.”

“செஞ்சு குடுத்தர்றேங்க.”

“நீங்க வராம இருந்திருக்கலாம் தம்பி” என்றார். நான் கேட்டைச் சாத்தும்வரை அங்கேயே நின்றார்.

அவர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று திரும்பி வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். லாலி ரோடு சிக்னல் வரைக்கும்தான் அது தாங்கியது.

டிசம்பர் 7, சனி

நவநீதன் வண்டியைக் கொண்டுவந்தார். அம்மா வரவில்லை. நாளை மறுநாள் இருவரும் புனேக்குப் போகிறார்களாம். எதற்காக மனம் மாறினார் என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

அப்பாஸ் செய்கிறேன் என்றான். வேண்டாம் என்று நானே உட்கார்ந்தேன். குழியிலிருந்த பிலிமைப் பிய்த்தேன், ஆழமானதற்கு வாட்டர் பேப்பர் பிடித்தேன், சின்னப் பஞ்சு வட்டைப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நவநீதன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

“கண்ணாடி மாதிரி ஆயிருச்சுங்கண்ணா. அப்பா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு. மோதிரத்தைக் கழட்டிட்டுக் கதவைத் தொடுங்க, வண்டிய நாசம் பண்றீங்கன்னு அம்மா அவரைத் திட்டாத நாளே கெடையாது.”

வண்டியை ஒரு தடவை துடைத்துச் சாவியைக் கொடுத்தேன்.